பி.எஸ்.ஏ. நார்மல்தான், ரத்தம் ஏன் வருகிறது?

சிறுநீர்த் தொந்தரவுகள் பற்றி வந்த கடிதங்களில் நான்கை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான்கும் வேறு வேறு ஊர்களிலிருந்து வந்தவை. கேட்பது ஏறக்குறைய ஒன்றைத்தான்.

கேள்வி: என் கணவருக்கு 59 வயது. இருபது வருடத்துக்கு மேல் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். இப்போது வீட்டோடு சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறோம். பீடியைக் குறைத்திருக்கிறாரே தவிர விடவில்லை. ஏழெட்டு மாதமாகச் சிறுநீர் போகும்போது எரிகிறது என்கிறார். அடிக்கடி போகிறார், ராத்திரி நாலைந்து தடவை எழுந்திருக்கிறார். முதலில் உடம்புச் சூடு என்று நினைத்து மோர், இளநீர், வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம் எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். பிறகு டாக்டரிடம் போனோம். யூரின் டெஸ்டில் சீழ் செல்கள் இருந்தன; கல்ச்சரில் கிருமி எதுவும் வளரவில்லை. மூன்று தடவை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். ஸ்கேனில் புராஸ்டேட் கொஞ்சம் வீங்கியிருக்கிறது என்று வந்தது. அதற்கு மாத்திரை சாப்பிடுகிறார். பி.எஸ்.ஏ. 1.6. "நார்மல், கேன்சர் எல்லாம் இல்லை, வயசானா வர்றதுதான்" என்றார்கள். போன மாதம் ஒருநாள் சிறுநீர் ரத்தமாகவே போனது. வலி கிடையாது. மறுநாள் தெளிவாகிவிட்டது. "அதான் நின்னுடுச்சே" என்கிறார். எனக்கு மனசு ஆறவில்லை. பி.எஸ்.ஏ. நார்மல் என்றால் கேன்சர் இல்லை என்று நம்பலாமா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: நம்ப முடியாது, சகோதரி. உங்கள் கணவர் விஷயத்தில் அந்த 1.6 எனக்கு எந்த நிம்மதியும் தரவில்லை. கடிதத்தை வைத்துக்கொண்டு நோய் இதுதான் என்று சொல்லக் கூடாது, சொல்லப் போவதுமில்லை. ஆனால் செய்திருக்க வேண்டிய சில பரிசோதனைகள் இன்னும் பாக்கி இருக்கின்றன. அவற்றை இந்த வாரமே தொடங்குங்கள்.

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட்டின் சுரப்பி செல்கள் உண்டாக்கும் ஒரு புரதம். விந்துவை இளக்குவது அதன் வேலை. கொஞ்சம் ரத்தத்திலும் கசியும். அந்தச் செல்கள் பெருத்தாலும், அழற்சி வந்தாலும், புற்றாக மாறினாலும் கசிவு கூடும். சிறுநீர் அடைத்து டியூப் போட்டால்கூடக் கூடும். புராஸ்டேட் புற்றுநோய்களில் நூற்றுக்கு 95 போல இந்தச் சுரப்பி செல்களில் பிறப்பவை என்பதால் பரிசோதனை பொதுவாக உதவுகிறது. அமெரிக்காவில் 1986இல் இதற்கு முதல் அனுமதி கிடைத்தபோது, ஏற்கெனவே புற்றுநோய் இருப்பவர்களைத் தொடர்ந்து கவனிப்பதற்காகத்தான் கொடுத்தார்கள். நோயைக் கண்டுபிடிக்கவும் பயன்படுத்தலாம் என்று ஒப்புக்கொண்டது 1994இல். இன்றைக்கு நம் ஊர் லேப்களில் மாஸ்டர் செக்கப்போடு சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். 4க்குக் கீழே இருந்தால் 'நார்மல்' என்று வருகிறது. வாங்கிப் பார்ப்பவர் அதைக் 'கேன்சர் இல்லை' என்று எடுத்துக்கொள்கிறார்.

அந்த 95 போக மிச்சமுள்ள சிறு பங்கில்தான் சிக்கல். புராஸ்டேட்டுக்குள் இருப்பது சுரப்பி செல்கள் மட்டுமல்ல. அதன் நடுவே சிறுநீர்க்குழாய் ஓடுகிறது. அந்தக் குழாயின் உள்வரியும் சிறுநீர்ப்பையின் உள்வரியும் ஒரே வகைச் செல்களால் ஆனவை. சுரப்பிகளைச் சுற்றித் தசையும் நாரும் உண்டு. நரம்பு செல்லின் சாயலும் ஹார்மோன் சுரக்கும் குணமும் கொண்ட செல்களும் ஆங்காங்கே உண்டு. இவற்றில் எதில் புற்று பிறந்தாலும் அது புராஸ்டேட்டில் வந்த புற்றுதான். ஆனால் அவை பி.எஸ்.ஏ.வை ஏற்றுவதில்லை. கட்டி எலுமிச்சை அளவுக்கு வளர்ந்த பிறகும் ரிப்போர்ட்டில் ஒன்று, ஒன்றரை என்றே இருக்கலாம்.

பலரும் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிற இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வழக்கமான புராஸ்டேட் புற்றுநோய் தொடக்கத்தில் சிறுநீர்த் தொந்தரவு எதுவும் தராது. அது பெரும்பாலும் சுரப்பியின் பின்புற ஓரத்தில், மலக்குடலை ஒட்டிய பகுதியில் தொடங்குகிறது. குழாய் அங்கிருந்து தள்ளி இருக்கிறது. வயதில் வரும் சாதாரண வீக்கமோ குழாயைச் சுற்றிய நடுப்பகுதியில் வருவது. அதனால் சீக்கிரமே குழாயை நெருக்கும். புராஸ்டேட்டை இப்படிப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்த நோய் எங்கே பிறக்கிறது என்று காட்டியவர் ஜான் மெக்னீல் என்ற அமெரிக்க நோய்க்கூறியல் நிபுணர். ஆக, தாரை மெலிந்துவிட்டது, முக்க வேண்டியிருக்கிறது, ராத்திரி எழுந்திருக்கிறேன் என்று வருகிற ஆண்களில் பெரும்பாலோருக்கு வீக்கம்தான், புற்று இல்லை. உங்கள் டாக்டர் முதலில் அப்படி நினைத்ததைக் குறை சொல்ல மாட்டேன். அரிய வகைப் புற்றுகளில் பல குழாயை ஒட்டியே பிறக்கின்றன. அதனால் ஆரம்பத்திலேயே அறிகுறி காட்டுகின்றன. காட்டுவது எரிச்சல், அவசரம், அடைப்பு. வீக்கமும் கிருமித்தொற்றும் காட்டுவதும் இதே மூன்றைத்தான். ஆள் ஏமாந்துபோவது இந்த இடத்தில்தான்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது மூன்று விஷயம்.

சீழ் செல்கள் இருக்கின்றன, கல்ச்சரில் கிருமி இல்லை. ஒருமுறை என்றால், முன்பே சாப்பிட்ட மாத்திரையால் கிருமி வளராமல் போயிருக்கலாம். திரும்பத் திரும்ப இப்படி வந்தால் நான்காவது ஆன்டிபயாடிக்கை எழுதக் கூடாது. ஏன் இப்படி என்று கேட்க வேண்டும். நம் நாட்டில் அந்தக் கேள்விக்கு முதலில் நினைவுக்கு வர வேண்டியது காசநோய். நுரையீரலில் மட்டும் வருவது என்று நினைக்கிறோம். சிறுநீரகம், சிறுநீர்ப்பை, புராஸ்டேட் எங்கும் வரும். சாதாரணக் கல்ச்சரில் அந்தக் கிருமி வளராது, அதற்கென்று தனிப் பரிசோதனை வேண்டும். சிறுநீர்ப்பையில் கல் இருந்தாலும் இப்படி வரும். இவை இரண்டும் இல்லை என்றால், சிறுநீர்ப்பை அல்லது புராஸ்டேட் குழாயின் உள்வரியில் கட்டியாகத் திரளாமல் படலமாகப் பரவும் ஒருவகைப் புற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை ஸ்கேனில் பார்க்க முடியாது, ஏனென்றால் பார்ப்பதற்குக் கட்டி என்று எதுவும் இல்லை. அது தரும் எரிச்சலும் அவசரமும் நீர்க்கடுப்பைப் போலவே இருக்கும். மாதக்கணக்கில் 'யூரின் இன்ஃபெக்‌ஷன்' என்று வைத்தியம் பார்த்த பிறகு கண்டுபிடிக்கப்படுவது இந்த நோய்க்குப் புதிதல்ல.

இரண்டாவது, வலியில்லாமல் வந்த ரத்தம். நின்றுவிட்டது என்பதால் அவர் நிம்மதி அடைகிறார். சிறுநீர்ப் பாதையில் வரும் கட்டிகளின் ரத்தம் இப்படித்தான், ஒருநாள் வரும், பிறகு வாரக்கணக்கில் வராது. நாற்பதைத் தாண்டிய ஒருவருக்குக் கண்ணால் பார்க்கும்படி ஒரே ஒரு தடவை ரத்தம் போனாலும் உள்ளே குழாய் விட்டுப் பார்த்தாக வேண்டும். இதில் பேரம் கிடையாது. இதய நோய்க்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் "அதனாலதான் வந்திருக்கும்" என்று விட்டுவிடுவதையும் பார்க்கிறோம். மாத்திரை ரத்தத்தை அதிகமாக வரவைக்கலாம். வருவதற்கு உள்ளே ஓர் இடம் இருக்க வேண்டுமே.

மூன்றாவது, சாயப்பட்டறையும் பீடியும். 1895இல் ஜெர்மனியின் பிராங்ஃபர்ட்டில் லூத்விக் ரேன் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், சாய ஆலைத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பைக் கட்டி வருவதை எடுத்துச் சொன்னார். சில சாயப் பொருள்கள் உடலுக்குள் போய், சிதைந்து, சிறுநீரில் தேங்கி, உள்வரிச் செல்களை வருடக்கணக்கில் அரிக்கின்றன என்பது பிறகு உறுதியானது. பென்சிடின் வகைச் சாயங்களை இந்தியாவில் 1990களில் தடை செய்தார்கள். இன்று பட்டறைகளில் இருக்கும் சாயமெல்லாம் அப்படிப்பட்டவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இருபது வருடத்துக்கு முன்பு உங்கள் கணவர் வெறுங்கையால் அளைந்தது என்ன சாயம் என்று யாரும் எழுதி வைத்திருக்கப் போவதில்லை. இந்த நோய் வெளியே தெரிய அத்தனை வருடம் பிடிக்கும். பீடி, சிகரெட் புகையிலும் அதே குடும்பத்து ரசாயனங்கள் இருக்கின்றன. உள்வரிப் புற்றுக்கு மிகப் பெரிய காரணம் புகைதான். டாக்டரிடம் போகும்போது பழைய தொழிலை மறக்காமல் சொல்லுங்கள். யாரும் கேட்க மாட்டார்கள், நீங்களாகத்தான் சொல்ல வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியது. முதலில் விரல் பரிசோதனை. ஆசனவாய் வழியாக விரல் விட்டுப் புராஸ்டேட்டைத் தொட்டுப் பார்ப்பது. அரை நிமிட வேலை, மிஷின் வேண்டாம், செலவு இல்லை. கூச்சத்தால் நோயாளி வேண்டாம் என்கிறார், நேரமில்லாமல் டாக்டரும் விட்டுவிடுகிறார். சாதாரண வீக்கம் ரப்பர் போல இளகலாக இருக்கும்; கல் போன்ற இறுக்கம், கரடு, ஒருபக்க மேடு இருந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும். பி.எஸ்.ஏ. 1.6 என்று காகிதம் சொன்னாலும் விரல் வேறு சொன்னால் விரலை நம்ப வேண்டும் என்பது என் கட்சி.

அடுத்து, சிறுநீரில் உதிர்ந்து வரும் செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சைட்டாலஜி. காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீரைக் கொடுக்காதீர்கள். இரவெல்லாம் பையில் கிடந்ததில் செல்கள் அழுகியிருக்கும். அதற்கடுத்துப் போவதைக் கொடுங்கள். வேறு வேறு நாளில் மூன்று தடவை கொடுப்பது நல்லது. படலமாகப் பரவும் முரட்டு வகையை இது நன்றாகவே பிடித்துக்கொடுக்கும்.

முக்கியமானது சிஸ்டோஸ்கோபி. மரத்துப்போக வைக்கும் ஜெல்லியைத் தடவி மெல்லிய குழாயை விட்டு, சிறுநீர் வரும் வழியெல்லாம் பார்ப்பது. உள்ளே பார்ப்பது ஐந்து பத்து நிமிடம்தான். அதற்குப் பிறகு ஓரிரு நாள் எரியும். புராஸ்டேட்டைக் கடக்கும் இடத்தில் நிதானமாகப் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீர்ப்பையையே பார்த்துக்கொண்டு அந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவது உண்டு. சந்தேகமான சிவப்புத் திட்டு தெரிந்தால் அங்கும், சைட்டாலஜியில் கோளாறு இருந்து கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டால் புராஸ்டேட் பகுதிக் குழாயிலும் சதை எடுத்து அனுப்ப வேண்டும்.

அந்த இடத்தில் தெரியக்கூடிய இன்னொன்று, சுரப்பியின் பெரிய நாளங்களில் பிறக்கும் 'டக்டல்' வகைப் புற்று. பாசி போலக் குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கும். ரத்தமும் அடைப்பும்தான் அதன் முதல் அறிகுறி. பி.எஸ்.ஏ. சில சமயம் கூடும், சில சமயம் கட்டியின் அளவுக்குப் பொருத்தமில்லாமல் குறைவாகவே இருக்கும். இதற்கு ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. 1967இல் மெலிகோவ், பாக்டர் என்ற இருவர் இதை முதலில் விவரித்தபோது, மைக்ராஸ்கோப்பில் பெண்ணின் கருப்பை உள்வரிப் புற்றைப் போலவே தெரிந்தது. கருவிலிருக்கும்போது எல்லோருக்கும் உண்டாகும் கருப்பைக்கான திசு, ஆண்களிடம் ஒரு சின்னப் பையாகப் புராஸ்டேட்டுக்குள் மிஞ்சியிருக்கும். அதில் பிறந்ததாக்கும் என்று எண்ணி அப்படியே பெயரும் வைத்துவிட்டார்கள். பிறகு ஆராய்ந்ததில் அது புராஸ்டேட்டின் சொந்தச் செல்தான் என்று தெரிந்தது. வைத்தியம் வழக்கமான புராஸ்டேட் புற்றுக்குச் செய்வதைப் போன்றதே, ஆனால் நோய் கொஞ்சம் முரட்டுத்தனமானது.

உள்வரிப் படலப் புற்று என்று வந்தால், குழாயின் உள்வரியோடும் நாளங்களோடும் நிற்கிற நிலையில், குழந்தைக்குக் கையில் போடுகிறோமே, அதே பி.சி.ஜி. மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் வாரம் ஒருமுறை என்று ஆறு வாரம் செலுத்துவார்கள். கனடாவில் ஆல்வரோ மொராலஸ் 1976இல் வெளியிட்ட முறை இது. இன்றும் அதுவே முதல் மருந்து. புராஸ்டேட்டின் சதைக்குள் இறங்கிவிட்டால் சிறுநீர்ப்பையையும் புராஸ்டேட்டையும் சேர்த்து எடுக்கும் பெரிய அறுவை சிகிச்சை, அதற்கு முன் கீமோதெரபி என்று போகும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரத்தைப் பார்த்தால், "அதான் நின்னுடுச்சே" என்று காத்திருக்கும் மாதங்களின் விலை தெரியும்.

வீக்கத்துக்கான மாத்திரை கொஞ்சம் சுகம் கொடுக்கிறது என்பதை நல்ல சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டாம்சுலோசின் போன்றவை சிறுநீர்ப்பையின் கழுத்துத் தசையைத் தளர்த்துபவை. உள்ளே இருப்பது எதுவானாலும் கொஞ்சம் இளகி வழி விடும். போகிற போக்கில் ஒன்று: கண்புரை ஆபரேஷனுக்குப் போகும்போது இந்த மாத்திரை சாப்பிடுவதைக் கண் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கண்பாவையின் தசையையும் இது தளர்த்திவிடும்.

வாழைத்தண்டும் நெருஞ்சிலும் கொடுத்ததில் தப்பில்லை. அவற்றுக்குப் பிறகும் நீடித்த மாதங்கள்தான் அதிகம். காசநோயோ கல்லோ என்று முடியவும் நிறைய வாய்ப்பு இருக்கிறது, முன்கூட்டியே பயந்து சாப்பாடு தூக்கத்தை விட்டுவிடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சிறுநீரகவியல் பிரிவில் இத்தனையும் செய்துகொள்ளலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். பீடியை இன்றே விடச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. மூன்று வருடத்துக்கு முன் புராஸ்டேட் கேன்சர் என்று கண்டுபிடித்தபோதே எலும்புக்குப் பரவியிருந்தது. ஹார்மோனை நிறுத்த விதைகளை எடுத்தார்கள். பிறகு அபிராடெரோன் மாத்திரை. நன்றாகவே இருந்தார். பி.எஸ்.ஏ. இப்போதும் 0.6தான். ஆனால் இரண்டு மாதத்தில் எட்டுக் கிலோ இளைத்துவிட்டார். சிறுநீர் அடைத்து டியூப் போட்டிருக்கிறது. ஸ்கேனில் ஈரலில் புள்ளிகள். "யூரின் இன்ஃபெக்‌ஷனால பலவீனமா இருக்கார், பி.எஸ்.ஏ. நல்லாத்தானே இருக்கு" என்கிறார்கள் உறவினர்கள். எங்களுக்குக் குழப்பமாக இருக்கிறது.
— வாசகர், நாகர்கோவில்

பதில்: பி.எஸ்.ஏ. குறைவாக இருக்கும்போதே நோய் ஓடுகிறது என்றால், நோயின் குணம் மாறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஹார்மோனை வருடக்கணக்கில் அடக்கி வைக்கும்போது, சிலருக்குப் புற்றுச் செல்கள் ஹார்மோனே தேவைப்படாத வேறு வடிவத்துக்கு மாறித் தப்பிக்கின்றன. சிறு செல் புற்று, அல்லது நியூரோஎண்டோகிரைன் புற்று என்பார்கள். அந்தச் செல்கள் பி.எஸ்.ஏ. சுரப்பதை நிறுத்திவிடுகின்றன. எலும்போடு நிற்காமல் ஈரல், நுரையீரல் என்று போவது அவற்றின் சுபாவம். (முன்பு சிகிச்சை எதுவும் எடுக்காதவருக்கு இதே புற்று முதலிலேயே வருவதும் உண்டு. அது மிக அரிது.)

ஈரல் புள்ளியிலிருந்து ஊசியால் சதை எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சாதாரணச் சாயமேற்றிப் பார்ப்பது போதாது. சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் என்ற குறிகள் இருக்கின்றனவா என்று தனியாகச் சோதிக்க வேண்டும். பி.எஸ்.எம்.ஏ. என்ற குறியைத் தேடும் பெட் ஸ்கேனில் ஒன்றும் ஒளிரவில்லை என்று வந்தாலும் ஏமாற வேண்டாம், இந்தச் செல்கள் அந்தக் குறியையும் உதிர்த்துவிடும். சர்க்கரையை வைத்து எடுக்கும் எஃப்.டி.ஜி. பெட் ஸ்கேனில்தான் தெரியும். ரத்தத்தில் சோடியம் எவ்வளவு என்றும் பாருங்கள். சிறு செல் புற்று சோடியத்தைக் குறைக்கும் ஹார்மோனைச் சுரப்பதுண்டு. திடீர்த் தடுமாற்றம், உளறல் இருந்தால் வயோதிகம் என்று விட்டுவிடாதீர்கள்.

சிகிச்சை கீமோதெரபி: எட்டோபோசைடோடு கார்போபிளாட்டின் அல்லது சிஸ்பிளாட்டின். நுரையீரல் சிறு செல் புற்றுக்குக் கொடுக்கும் அதே கூட்டு. பல பேருக்கு முதலில் நன்றாகக் கேட்கும். டியூபைக்கூட எடுக்க முடியலாம். ஆனால் நோய் திரும்பி வரும். உங்களிடம் மறைக்க விரும்பவில்லை, இது மாதங்களை எண்ணி வைத்தியம் பார்க்கிற நோய். எனவே கீமோவைத் தாங்கும் உடம்பு அவருக்கு இருக்கிறதா, அவர் அதை விரும்புகிறாரா என்பதைப் புற்றுநோய் மருத்துவர் முன்னிலையில் அப்பாவிடமே பேசுங்கள். பிள்ளைகள் வெளியே நின்று தீர்மானித்துவிட்டு உள்ளே வந்து சிரிக்கிற வழக்கம் நம்மிடம் அதிகம். வலிநிவாரண மருத்துவரையும் இப்போதே பார்த்துவிடுங்கள். கடைசியில் பார்க்க வேண்டியவர் அல்ல அவர்.

கேள்வி: வயது 36, லாரி ஓட்டுகிறேன். இரண்டு மாதமாகச் சிறுநீர் நின்று நின்று வருகிறது. மலச்சிக்கலும் இருக்கிறது. புராஸ்டேட்டில் அழற்சி என்று மருந்து கொடுத்தார்கள், குறையவில்லை. இந்த வயதில் கேன்சர் வருமா தம்பி என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள்.
— வாசகர், துறையூர்

பதில்: வருவது மிக மிக அரிது. உங்கள் வயதில் இதற்குக் குழாய்ச் சுருக்கம், சிறுநீர்ப்பையின் கழுத்து இறுக்கம், அழற்சி என்று நிறையக் காரணம் இருக்கிறது. மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டு வண்டி ஓட்டுவதும், சளிக்கு என்று மெடிக்கலில் வாங்கிப் போடும் மாத்திரைகளும்கூட அடைப்பைக் கூட்டும். சளி மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் மருந்துக்குக் கேட்கவில்லை, மலமும் சேர்ந்து சிக்குகிறது என்பதால் விரல் பரிசோதனையும் எம்.ஆர்.ஐ.யும் தேவை. தசையிலும் நாரிலும் பிறக்கும் சார்கோமா என்ற வகை இளவயதிலும் வரும், வேகமாக வளரும், பின்னால் மலக்குடலை அழுத்தும். பி.எஸ்.ஏ. சுத்தமாக இருக்கும். புராஸ்டேட் புற்றுகளில் ஆயிரத்தில் ஒன்றுகூடத் தேறாது. இருந்தும் கைக்குழந்தைகளுக்குக்கூட இதில் ஒரு வகை வருவதால், சின்னப் பையனுக்குத் திடீரென்று சிறுநீர் அடைத்தால் குழந்தை மருத்துவர்கள் அதை நினைத்துப் பார்ப்பார்கள். எம்.ஆர்.ஐ.யில் பெரிய கட்டி தெரிந்தால் சீழ்க்கட்டி என்று கீறிவிடவோ, அடைப்பு என்று உள்ளே சுரண்டிவிடவோ அவசரப்பட அனுமதிக்காதீர்கள். முதலில் ஊசி பயாப்சி. அதுவும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போல எல்லாத் துறையும் ஒரே இடத்தில் உள்ள இடத்தில். கத்தி முதலில் எப்படிப் படுகிறது என்பதைப் பொறுத்துத்தான் சார்கோமாவின் போக்கு. எம்.ஆர்.ஐ.யில் கட்டி எதுவும் இல்லை என்றால், பயமுறுத்தியவர்களுக்கு அந்தப் படத்தைக் காட்டிவிட்டுக் குழாய்ச் சுருக்கத்துக்கு வைத்தியம் பாருங்கள்.

கேள்வி: மாமாவுக்கு (71) புராஸ்டேட் வீக்கத்துக்கு இரண்டு வருடமாக டூட்டாஸ்டெரைடு மாத்திரை. பி.எஸ்.ஏ. போன வருடம் 1.7, இப்போது 3.2. நார்மல்தான் என்கிறார்கள். அடுத்த மாதம் லேசர் ஆபரேஷன். சதையை எடுத்துவிட்டால் பிறகு கேன்சர் பயம் இல்லைதானே?
— வாசகி, காரைக்குடி

பதில்: இரண்டையும் திருத்த வேண்டியிருக்கிறது. டூட்டாஸ்டெரைடும் ஃபினாஸ்டெரைடும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் பி.எஸ்.ஏ.வைப் பாதியாக்கிவிடும். ஆகவே 3.2 என்பதை 6.4 என்று படிக்க வேண்டும். அதைவிட முக்கியம், இந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டே ஒரு வருடத்தில் அது ஏறியிருப்பது. விடாமல் சாப்பிடுகிறாரா என்று முதலில் கேளுங்கள். சாப்பிடுகிறார் என்றால் ஆபரேஷனுக்கு முன்பே விரல் பரிசோதனையும் எம்.ஆர்.ஐ.யும் வேண்டும்.

ஆபரேஷனில் எடுப்பது குழாயை நெருக்கும் உட்சதையை மட்டும். புராஸ்டேட்டின் வெளிப்பகுதி அப்படியே இருக்கும். வழக்கமான புற்று பிறக்கும் இடம் அதுதான். எனவே ஆபரேஷனுக்குப் பிறகும் கண்காணிப்பு தேவை.

லேசரில் எந்த முறை என்றும் கேளுங்கள். ஹோல்மியம் லேசரில் சதையைக் குடைந்து, துண்டாக்கி வெளியே எடுப்பார்கள். மின்கம்பியால் சீவும் பழைய முறையிலும் சீவல்கள் கிடைக்கும். அவை பயாப்சிக்குப் போகும். ஆவியாக்கும் லேசரில் சதை எரிந்து மறைந்துவிடுகிறது, பரிசோதிக்க ஒன்றும் மிஞ்சாது. கொஞ்சமும் சந்தேகம் இல்லாதவருக்கு அது சரி. பி.எஸ்.ஏ. ஏறிக்கொண்டிருப்பவருக்கு நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். நான் மேலே சொன்ன அரிய வகைகளில் சில, வீக்கம் என்று நினைத்து ஆபரேஷன் செய்து, அந்தச் சீவல்களைப் பரிசோதித்தபோதுதான் கண்டுபிடிக்கப்படுகின்றன. அந்த ரிப்போர்ட் வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதற்குள் நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார், தாரை நன்றாக வருவதால் திரும்பி வருவதில்லை, ரிப்போர்ட் அலமாரியில் கிடக்கும். டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே, பயாப்சிக்கு அனுப்பினார்களா, முடிவு எந்தத் தேதியில் எங்கே கிடைக்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்குப் போய் வாங்கி, டாக்டரிடம் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.